வடிவின் கணவர் பேசுவதில்லை

ஜனவரி 20, திங்கள். அம்பாசமுத்திரம்

அரக்கு நிறச் சுங்குடி, பச்சை ரவிக்கை. மூக்குத்தி உண்டு. கண்ணாடி வளையல் கைக்கு நான்கு. குங்குமம் சற்றுக் கலைந்திருக்க வேண்டும்.

இன்று ஒப்பனை பார்த்தார்கள். இதே உடுப்பில்தான் முதல் காட்சி. உதவி இயக்குநர்கள் மூக்குத்தியை மறந்துவிடுவார்கள், அப்புறம் ஒரே காட்சியில் வடிவு மூக்குத்தியோடு உட்கார்ந்து மூக்குத்தி இல்லாமல் எழுந்திருப்பாள். அதற்காகத்தான் வருடா வருடம் டைரி வாங்குகிறேன். மற்றதெல்லாம் மீதி இடத்தை நிரப்புவதற்கு.

வடிவு என்பது என் பாத்திரம். ஓய்வுபெற்ற கோர்ட் அமீனா பொன்னுசாமியின் மனைவி. பொன்னுசாமியாக வருபவர் கே. ஆர். அம்பலவாணன். திரையில் அவருக்கு நான் மனைவியாவது இது பன்னிரண்டாவது முறை. என்னை நானூறு ரூபாய் நாடக நடிகையாக இருந்த காலத்திலிருந்து அவருக்குத் தெரியும்.

என் வயது நடிகைகள் எல்லாரும் அவரை "அண்ணே" என்பார்கள். நான் "சார்" என்பேன். எனக்கு அண்ணன்கள் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள், போதும்.

நாளை வருகிறார். ஆகஸ்டில் ஆபரேஷன் ஆனதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்த்ததில்லை. தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். நானும் அறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. நடிகர்கள் கூட்டமாக வந்தால் மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று அவர் மகன் இளங்கோ கேட்டுக்கொண்டிருந்தான்.

லாட்ஜில் வெந்நீர் காலை ஏழு மணி வரைக்கும்தான் வருமாம்.

ஜனவரி 21, செவ்வாய்

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார், ஆனால் நடை அதே நடை. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி. அதற்குள்ளே ஒரு துவாரம், மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. இருமல் வந்தால் வாயைப் பொத்துவதற்குப் பதில் கழுத்தைப் பொத்துகிறார். இளங்கோ எப்போதும் ஈரத்துணியோடு பக்கத்தில் நிற்கிறான். வங்கியில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறானாம்.

என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. இளங்கோ, "அப்பா என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள் நான், "சாப்பிட்டேன் சார், இட்லி" என்றுவிட்டேன்.

இளங்கோ என்னைப் பார்த்தான். "எப்படி ஆன்ட்டி? எனக்கே பாதிதான் வெளங்கும். எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாடகத்தில் வசனம் மறந்தால் பக்கத் திரைக்குப் பின்னால் நிற்பவரின் வாயைப் பார்த்துத்தான் பேசுவோம். பத்து வருடப் பழக்கம். "தவம், சாப்ட்டீங்களா?" என்பதைப் படிக்கப் பெரிய வித்தையா வேண்டும்? ஊருக்கெல்லாம் நான் தவமணியம்மா, அவருக்கு மட்டும் தவம்.

சாயங்காலம் பாளையங்கோட்டை சைமன் வந்து சேர்ந்தார். டிவியில் பலகுரல் செய்பவர். சார் வாயசைப்பார், சைமன் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரலில் பேசுவார் என்று ஏற்பாடு. சாரின் குரலைப் பேசிப் பேசியே பெயர் வாங்கியவர் சைமன். வந்ததும் சாரின் காலைத் தொட்டார். சார் அவரைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முகத்தையே பார்த்தார். காணாமல் போன பொருள் இன்னொருவர் வீட்டில் பத்திரமாக இருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

ஜனவரி 22, புதன்

மொச்சைப் பருப்பு வறுத்து விற்கிறார்கள், அரைக் கிலோ வாங்கினேன். மகள் கயலுக்குப் பிடிக்கும், கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். அவள் அப்பா இறந்த பிறகு எனக்கு வாங்கி அனுப்ப அவள் ஒருத்திதான்.

காலையில் கடைத்தெரு வரை நடந்தோம், சாரும் இளங்கோவும் நானும். டீக்கடையில் ஒருவர் கேட்டார், "சார், நீங்க அந்த ஜட்ஜுதானே?" பக்கத்தில் இருந்தவர், "ஏய், இவரு சாமியாருடே" என்றார். மூன்றாமவர், "ரெண்டும் இல்ல, குருடனா வருவாருல்லா, ரயில்ல பாடிக்கிட்டு" என்றார். மூவர் சொன்னதும் சரிதான். பெயர் மூவருக்கும் தெரியவில்லை.

சாருக்கு இதில் எப்போதும் சந்தோஷம்தான். மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகம் போட்டவர். சினிமாவில் முதல் வேடம் பிணம். மூச்சு விடுவது தெரிகிறது என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அதே கம்பெனியில் கொலைகாரனாகப் போய் நின்றார். நாவிதர் வேடத்துக்காக முடிவெட்டக் கற்றுக்கொண்டு யூனிட்டில் பாதிப் பேருக்கு வெட்டிவிட்டார். கோயம்புத்தூர்க்காரராக நடிக்க வேண்டுமென்றால் பத்து நாள் அங்கே பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வரும்போது பேச்சு, இருமல், கோபித்துக்கொள்கிற விதம் எல்லாமே வேறாக இருக்கும்.

திரும்பும் வழியில் வெற்றிலை விற்கும் அம்மாள் ஒருவர் எழுந்து வந்து மறித்துக்கொண்டார்.

"ஒமக்கு நெஞ்சுல ஈரம் உண்டுமா வே? வாயும் வயிறுமா நிக்க பிள்ளைய மழையில வெளிய தள்ளுனீரே!"

பதினைந்து வருடத்துக்கு முந்தைய படம். சார் கையெடுத்துக் கும்பிட்டார். உதடு அசைந்தது. அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை.

"என்னவாம்? வாயத் தொறந்து சொல்லட்டும்."

"தப்புதான், அந்தப் பிள்ளைய மறுநாளே கூட்டிட்டு வந்துட்டேன்னு சொல்றாரும்மா" என்றேன் நான்.

"படத்துல அது காட்டலியே?"

"காட்டலதான்."

"அப்ப சரி" என்று ஒரு கவுளி வெற்றிலை கொடுத்தார், காசு வாங்கவில்லை. சார் லாட்ஜ் வரைக்கும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தார். சிரிப்புக்கும் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜனவரி 23, வியாழன். கல்லிடைக்குறிச்சி

உடை முன்பு எழுதியதுதான்.

இன்று முதல் நாள். சரியில்லை.

பொன்னுசாமி வாயாடி. கோர்ட்டு நடவடிக்கைகளை வீட்டில் நடித்துக் காட்டுகிறவர். பக்கம் பக்கமாக வசனம். இதற்காகத்தான் சார் ஆபரேஷனுக்கு முன்பே இந்தப் படத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கதாநாயக வேடம் நாற்பது வருடத்தில் அவருக்கு வந்ததில்லை.

சார் வாயசைத்தார். சைமன் பேசினார். சைமன் மேல் குற்றமில்லை, அச்சு அசல் சாரின் குரல்தான். எனக்கே ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அது ஊருக்குத் தெரிந்த குரல், சாமியாரும் ஜட்ஜும் பேசிய குரல். பொன்னுசாமி எப்படிப் பேசுவார் என்பது சாருக்குள்ளேதான் இருக்கிறது, அது சைமனுக்கு எப்படித் தெரியும்? சார் ஒரு வார்த்தையை இழுத்தால் சைமன் வெட்டினார். சார் நிறுத்திய இடத்தில் சைமன் ஓடினார்.

"சார், கொஞ்சம் அவர் வேகத்துக்கு நீங்க போனீங்கன்னா..." என்றாள் டைரக்டர் ஜெனி. தூத்துக்குடிப் பெண், முப்பது தாண்டியிருக்கலாம். நல்லவள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

சார் தலையசைத்தார். அந்தத் தடவை சைமனின் வேகத்துக்கு நடித்தார். ரொம்பச் சரியாகப் பொருந்தியது. எல்லாரும் கைதட்டினார்கள். சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் காருக்குப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

படப்பிடிப்பு இல்லை. சார் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. புளியோதரையில் கல்.

ஜனவரி 25, சனி

இளங்கோ காலையில் வந்து கதவைத் தட்டினான். "ஆன்ட்டி, அப்பா ஊருக்குக் கிளம்பச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றான்.

போனேன். ஜெனி ஏற்கெனவே அங்கே இருந்தாள். கண் சிவந்திருந்தது. தயாரிப்பாளர் போனில் சொன்னதை அவள் சாரிடம் சொல்லியிருக்கிறாள்: ஒன்று, வேறு நடிகர். இல்லையென்றால் பொன்னுசாமிக்கே தொண்டையில் ஆபரேஷன் ஆனதாகக் கதையை மாற்றிவிடலாம், நிஜமாகவே குரல் போன நடிகர் குரல் போனவராக நடிக்கிறார் என்றால் ஜனங்கள் கண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள்.

சார் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். உதடு வேகவேகமாக அசைந்தது. நான் ஜெனிக்காகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"'நான் ஜட்ஜா நடிச்சேன், திருடனா நடிச்சேன். ஒருநாளும் நான் நானா நடிச்சதில்ல. அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில், வேற ஆளா மாறுறது. என் சீக்கைக் காமிச்சு கைதட்டு வாங்கச் சொல்றியாம்மா? அது நடிப்பு இல்ல. வேற ஆளையே போடு. நல்ல கதை, கெட்டுப் போகக் கூடாது.'"

ஜெனி அழுதுவிட்டாள். "எனக்கு வேற ஆள் வேண்டாம் சார். நீங்க இல்லன்னா படமே வேண்டாம்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிவிட்டால் அவரோடு பேச முடியாது. உதடு தெரியாதே.

கோமதி அக்கா இருந்திருந்தால் ஒரு அதட்டில் சரிசெய்திருப்பார். சாரின் மனைவி, இறந்து ஆறு வருடமாகிறது. சார் நடித்த எந்தப் படத்துக்கும் அக்கா இடைவேளைக்கு மேல் உட்காரமாட்டார், சார் சாவது பெரும்பாலும் இரண்டாம் பாதியில் என்பதால். "நீ எப்படித் தவம் ஒவ்வொரு படத்துலயும் இவரை வச்சு அழுற?" என்று என்னைக் கேட்பார்.

எனக்கு அப்போது என் பெரியப்பா ஞாபகம் வந்தது. நிலத் தகராறில் பெரியம்மாவோடு பேச்சை நிறுத்தியவர். ஒரே வீடு, ஒரே சமையல், பேச்சு மட்டும் கிடையாது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் தட்டை லேசாக நகர்த்துவார். பெரியம்மா ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருப்பாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எங்களுக்கு அது ஒரு வினோதமாகவே தெரியாது.

"ஜெனி, பேச முடியாதவரா வேணாம்மா. பேச மாட்டேங்கிறவரா வச்சுக்கிட்டா என்ன?" என்றேன்.

"புரியலம்மா."

"பொன்னுசாமிக்குக் குரல் இருக்கு. ஊர்ல எல்லார்கிட்டயும் பேசுவார். வீட்டுல பொண்டாட்டிகிட்ட மட்டும் பேசுறதில்ல. பொண்ணு கல்யாணத்தை வடிவு அவருக்குத் தெரியாம நடத்தி வச்சா பாரு, அன்னையிலேர்ந்து. நம்ம கதை முழுக்க வீட்டுக்குள்ளதானே நடக்குது?"

சார் திரும்பினார். வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மேசையில் இருந்த காபியை அவர் அருகில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தாளின் பக்கத்தைத் திருப்புகிற சாக்கில் சுண்டுவிரலால் தம்ளரை அரை அங்குலம் தள்ளி வைத்தார்.

சர்க்கரை போதவில்லையாம்.

அது நோயாளி இல்லை, சார் இல்லை. பிடிவாதம் பிடித்த, கல்யாணமாகி நாற்பது வருடமான ஓர் ஆள்.

ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு நாள் குடுங்க சார்" என்று ஓடினாள்.

ஜனவரி 26, ஞாயிறு

ஜெனி எழுதுகிறாள். எங்களுக்கு ஓய்வு.

சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறைக்குப் போனோம். சார் இந்த ஆற்றுக்காரர், வீரவநல்லூரில் பிறந்தவர். எதிர்க்கரை வரை முங்கு நீச்சல் போவாராம். இப்போது கழுத்துத் துவாரத்துக்குள் தண்ணீர் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டார். குளிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். மீன்கள் காலைக் கடித்தன. அவருக்கு வாசனையும் தெரிவதில்லையாம், மூக்கு வழியாகக் காற்றுப் போகாததால். "என்ன வாசம் இப்ப?" என்று உதட்டால் கேட்டார். ஈரப்பாறை, துணி சோப்பு, எங்கோ வைக்கோல் எரிகிற புகை என்று சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். இன்னும் என்பது போலக் கையை ஆட்டினார். இல்லாத தாழம்பூவையும் சேர்த்துச் சொன்னேன்.

ஜனவரி 29, புதன். கல்லிடைக்குறிச்சி

நீலக் கட்டம் போட்ட நூல் சேலை. மூக்குத்தி உண்டு. இடது கையில் மஞ்சள் கறை.

எழுதியே ஆக வேண்டும்: இன்று சார் செய்ததைப் போல நான் பார்த்ததில்லை. காட்சி இவ்வளவுதான். பொன்னுசாமி சட்டைப் பித்தான் அறுந்துவிட்டது. வடிவிடம் கேட்கக் கூடாது. அவரே ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறார், முடியவில்லை. ஊசியையும் நூலையும் வடிவு நடக்கிற வழியில் தரையில் வைத்துவிட்டு, காலண்டரைப் பார்ப்பது போல நிற்கிறார். வடிவு கோத்துக் கொடுக்கிறாள், திட்டிக்கொண்டே.

சார் காலண்டரைப் பார்த்து நின்ற முதுகு இருக்கிறதே! லைட் போடுகிறவர்கள் மேலே சாரத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெனி கட் சொல்ல மறந்துவிட்டாள்.

இடைவேளையில் சார் சைமனைக் கூப்பிட்டனுப்பினார். சைமன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இனி அவருக்கு வேலையில்லை.

சார் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன்: "பொன்னுசாமி தெருவுல எல்லார்கிட்டயும் பேசுறவர்னு ஜனங்க நம்பணும்ல? அதுக்கு வீட்டுக்கு ஒரு சிநேகிதர் வரணும். அவர் வந்து, 'நேத்து டீக்கடையில பொன்னுசாமி என்னமா பேசுனான் தெரியுமா'ன்னு அதே மாதிரி பேசிக் காட்டணும். அதுக்கு உங்களை விட்டா ஆள் ஏது? ஜெனிகிட்ட சொல்லிட்டேன்."

சைமன் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் ஒரு படத்துலகூட மொகம் காட்டுனது கெடயாது. கொரல் மட்டுந்தான்."

சார் அவர் கன்னத்தைத் தட்டினார். "நல்ல முகம்" என்றார். அதைச் சைமனே படித்துவிட்டார், நான் சொல்லத் தேவைப்படவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

கயல் போன் செய்தாள். மொச்சை வந்து சேர்ந்ததாம்.

"அம்மா, பத்து நிமிஷமா பேசுற. சார் சொன்னார், சார் சிரிச்சார், சார் சாப்பிடல. உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லு பாப்போம்."

முட்டி வலி இருக்கிறது என்று சொன்னேன்.

பிப்ரவரி 3, திங்கள். கல்லிடைக்குறிச்சி

மாம்பழ மஞ்சளில் பழைய பட்டு, ஓரம் கிழிந்தது. மூக்குத்தி உண்டு. வளையல் இல்லை.

இன்று முக்கியமான காட்சி எடுத்தார்கள். மகள் குழந்தையோடு வீட்டுக்கு வரப்போகிறாள். அடுப்படியில் வடிவு மொச்சை உரிக்கிறாள். பொன்னுசாமி வந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் உரிக்கத் தொடங்குகிறார். பழைய கதையில் இங்கே அவருக்கு இரண்டு பக்க வசனம் இருந்தது. இப்போது அது வடிவுக்கு. "நீங்க பேச வேண்டாம். உங்க மனசுல இருக்கறதை நானே சொல்றேன், சரியா தப்பான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க" என்று தொடங்கும்.

ஒரே டேக். நடுவில் நிறுத்தக் கூடாது என்று ஜெனி சொல்லியிருந்தாள்.

எழுதிக் கொடுத்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். மகள் மேல் இருந்த கோபம் உண்மையில் என் மேல்தான் என்பது, என் மேல் இருந்ததுகூடக் கோபம் இல்லை, தன்னைக் கேட்கவில்லையே என்ற வருத்தம் என்பது, எல்லாம். ஜெனி கட் சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. சார் தலை குனிந்தபடி உரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார், மூச்சுக்கு அது ஏறி ஏறி இறங்கியது.

வடிவு தொடர்ந்து பேசினாள்.

"ஆவணி மாசம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்க. எல்லாரும் மேல போனாங்க, வந்தாங்க. நான் கீழ பிளாஸ்டிக் நாற்காலியில ஒக்காந்திருந்தேன். லிப்டு கதவு தெறக்கும்போதெல்லாம் எந்திரிச்சு நின்னேன். ஏறல. மேல வந்து பாக்க எனக்கு என்ன பாத்தியதை? யாருன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? சாயங்காலம் ஆனா பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். மறுநாளும் வருவேன். நீங்க நல்லாருக்கீங்கன்னு யாராவது பேசிக்கிட்டுப் போறது காதுல விழுந்தா போதும்னு."

சாரின் கை நின்றுவிட்டது. மொச்சைக் காய் ஒன்று பாதி உரிந்தபடி விரலில் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார். உதடு ஒரே ஒரு சொல்லுக்கு அசைந்தது. அது என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது.

அப்புறம்தான் ஜெனி கட் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. ஒப்பனைக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

ஜெனி என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அந்த ஆஸ்பத்திரி சமாச்சாரம்! எங்க இருந்து பிடிச்சீங்க? நான் எழுதவே இல்லையே!"

"பேச்சு வார்த்தை இல்லாத பொண்டாட்டி அப்படித்தானே செஞ்சிருப்பா" என்றேன்.

சார் அதற்குள் எழுந்து வெளியே போயிருந்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நாங்கள் இருவரும் சேர்ந்து வருகிற காட்சி எதுவும் இல்லை. நல்லதாயிற்று. நெற்றிப் பொட்டு அரித்துத் தடித்திருக்கிறது, கற்றாழை தடவினேன்.

பிப்ரவரி 8, சனி

படப்பிடிப்பு முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். சைமன் கேமரா முன்னால் நின்று "பொன்னுசாமி பேச்சை" பேசிக் காட்டிய காட்சியைக் கடைசியாக எடுத்தார்கள். சார் மறைவில் நின்று பார்த்தார். தன் குரலில் வேறொருவர் பேசுவதை இந்த முறை அவர் ரசித்துக் கேட்டார். தலைகூட ஆட்டினார்.

ரயிலில் வேறு வேறு பெட்டி. ஸ்டேஷனில் கும்பிட்டேன், கும்பிட்டார். இளங்கோ ஏனோ என் பையைத் தூக்கிக்கொண்டு என் பெட்டி வரை வந்தான். ஏதோ சொல்ல வந்தவன் போலிருந்தான். "உடம்பைப் பாத்துக்கிடுங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான்.

மார்ச் 18, செவ்வாய். சென்னை

டப்பிங். வடபழனியில் அதே பழைய தியேட்டர், ஏசி மட்டும் புதிது. ஒரே நாளில் என் பகுதியை முடித்துவிட்டேன்.

மொச்சைக் காட்சியைப் பெரிய திரையில் போட்டார்கள். சாரின் உதடு அசையும் இடத்தில் ஜெனி நிறுத்தச் சொன்னாள்.

"இங்க சார் ஏதோ சொல்றாரு. 'வடிவு'ன்னு வச்சுக்கலாமா? சைமன் அண்ணனைக் கூப்பிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சேக்கலாம்."

ஒலிப்பதிவாளர் அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டினார். "'வடிவு' இல்ல மேடம். பாருங்க, வாய் மூடி முடியுது. 'ம்'ல முடியற வார்த்தை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

"'வேணாம்'னு சொல்றார். அழ வேணாம்னு" என்றேன்.

மறுபடி ஓட்டினார்கள். பொருந்தியது. 'ம்'மில் முடிகிற சொற்கள் நிறைய இருக்கின்றன.

ஜெனி கொஞ்சம் யோசித்துவிட்டு, "குரலே வேண்டாம். அப்படியே விட்டுடலாம்" என்றாள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் சில்லறையை வாங்காமல் இறங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

மாவடு போட்டேன். கயலுக்கு ஒரு பாட்டில், எதிர் வீட்டுக்கு ஒன்று. மூன்றாவது பாட்டில் யாருக்கு என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அவருக்குக் காரம் ஆகாது.

ஏப்ரல் 12, சனி

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி. இளங்கோ. உள்ளே வந்து உட்காராமல் நின்றான்.

"அப்பா கீழ கார்ல இருக்காங்க ஆன்ட்டி. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். என்னையப் போய்க் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். இதை நீங்களேதான் கேக்கணும்னு சொன்னேன்."

"என்ன விஷயம்ப்பா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வேறொன்று சொன்னான்.

"ஆஸ்பத்திரியில நீங்க ரிசப்ஷன்ல ஒக்காந்திருந்ததை நான் தினமும் பாத்தேன். கூப்பிட்டா நீங்க சங்கடப்பட்டு வராமலே போயிருவீங்களோன்னு பயம். அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். ஆபரேஷன் முடிஞ்சு அவங்க யார் சொன்னதையும் கேக்காம சுவரைப் பாத்துப் படுத்திருந்த சமயம். அன்னைக்குத்தான் மொதல்ல எந்திரிச்சு நடந்தாங்க. ஜன்னல் வரைக்கும். அங்க இருந்து பாத்தா நீங்க பஸ் ஸ்டாப்புக்குப் போறது தெரியும்."

கையில் ஒட்டியிருந்த வற்றல் மாவை முந்தானையில் துடைத்தேன்.

"டாக்டர் நடக்கச் சொல்லிக் கெஞ்சுனாரு, கேக்கல. அப்புறம் தினம் சாயங்காலம் ஆச்சுன்னா அவங்களே நடந்துருவாங்க." இளங்கோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க அம்மா படத்துக்குப் பக்கத்துல நின்னு பத்து நாளா அப்பா என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியல. அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும்."

ஈரத் தலையைத் துண்டில் முடிந்தபடியே கீழே இறங்கிப் போனேன். இஸ்திரி வண்டிக்கு எதிரில், வேப்ப மர நிழலில் கார் நின்றது. சார் முன்சீட்டில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் புதுத் துணி. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். எத்தனையோ படங்களில் எத்தனையோ பேரைப் பயமுறுத்தியவர், இன்று கழுத்துத் துணியை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

உதடு அசைந்தது. "எங்க வீட்டுக்கு வந்துடுறீங்களா, தவம்? மிச்ச நாளைக்கு."

"என்ன சார்? புரியலயே" என்றேன்.

அவர் திகைத்தார். குரல் போன பிறகு அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து மறுபடி சொன்னார். ஒரு பள்ளிப் பிள்ளை மேடையில் ஒப்பிப்பதைப் போல அத்தனை அக்கறையாக. அப்போது அவர் ஜட்ஜும் இல்லை, சாமியாரும் இல்லை, பொன்னுசாமியும் இல்லை.

முதல் தடவையே எனக்குப் புரிந்திருந்தது. இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது முறையும் கேட்டிருப்பேன். இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், கீழே யாரோ ஒருவரின் சட்டை காத்திருந்தது.

"வரேன்" என்றேன்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் கையைக் காதருகே குவித்து, என்ன என்பது போலச் சாய்ந்தார்.

"வரேன்னு சொன்னேன்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.